தரை யாருக்கு?
குண்டாட்டக் கழகங்களும் உப்பளத்துக் கால்களும்

2022 ஆகஸ்ட் 2ஆம் தேதி பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நான்கு இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்க அணியை 17-10 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கினார்கள். ஆட்டத்தின் பெயர் லான் பவுல்ஸ். புல்தரையில் குண்டு உருட்டுகிற ஆட்டம். இந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு அதுவரை ஒரு பதக்கம்கூடக் கிடைத்ததில்லை. இப்படி ஓர் ஆட்டம் இருப்பதே நம் சனங்களில் பெரும்பாலோருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டீக்கடையில் தொலைக்காட்சியைப் பார்த்தவர்கள், "இன்னாடா இது, கோலி ஆடறதுக்கெல்லாம் தங்கம் குடுக்கறானுங்களா?" என்று சிரித்தார்கள்.

சிரிப்பு இருக்கட்டும். அந்த நான்கு பெண்கள் யார் என்று பார்க்க வேண்டும். லவ்லி சௌபே, அப்போது ஜார்க்கண்ட் காவல்துறையில் கான்ஸ்டபிள். நயன்மணி சைக்கியா, அப்போது அசாம் வனத்துறையில் வேலை. பிங்கி, தில்லியில் உடற்கல்வி ஆசிரியை. நான்காவது பெண் ரூபா ராணி திர்க்கி, ராஞ்சியைச் சேர்ந்த பழங்குடிப் பெண். அதற்கு முன்பு சடுகுடு ஆடியவர். அதாவது, மண்ணில் ஆடிய பெண் புல்லுக்குப் போனார். எப்படிப் போனார்? அந்தப் புல்தரை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது?

விளையாட்டின் வரலாறு என்று எழுதப்படுகிற புத்தகங்களில் யார் ஜெயித்தான், எத்தனை ஜெயித்தான் என்பதெல்லாம் இருக்கும். தரை யாருடையது, அதைச் சமமாக்கியவர்கள் யார், அதில் கால் வைக்கக் கூடாது என்று யாரைத் துரத்தினார்கள் என்பது இருக்காது. நமக்கு வேண்டியது அந்த வரலாறுதான். எங்கள் மரக்காணத்தில் லான் பவுல்ஸ் கழகம் எதுவும் கெடையாது. ஆனால் இந்த ஆட்டத்துக்கு முதல் தேவை எதுவோ, அதை நாளும் செய்கிற சனங்கள் நாங்கள். அந்தத் தேவை, வழுவழுப்பான சமதரை.

ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி வாசகருக்கு இது தெரிந்தே இருக்கும், வேறு பெயரில். கோலியில் ஒரு குண்டைத் தூரத்தில் போட்டுவிட்டு, மற்ற குண்டுகளை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தப் பார்ப்போமில்லையா, அதேதான். சிறிய வெள்ளைக் குண்டு ஒன்றை முதலில் உருட்டிவிடுவார்கள். அதற்கு மிக அருகில் யாருடைய பெரிய குண்டுகள் நிற்கின்றனவோ அவர்களுக்குப் புள்ளி. எதிரியின் குண்டைத் தட்டி விலக்கலாம். வெள்ளைக் குண்டையே தள்ளிக்கொண்டும் போகலாம். ஒரேயொரு வித்தியாசம் உண்டு. லான் பவுல்ஸ் குண்டு சரியான உருண்டை அல்ல. ஒரு பக்கமாகச் சாயும்படி செய்தே விற்கிறார்கள். எவ்வளவு நேராக உருட்டினாலும் வேகம் குறையக் குறைய அது தன் சாய்வுப் பக்கம் வளைந்துதான் போகும். தரை சமமாக இருந்தாலும் குண்டுக்குள் சாய்வு இருக்கிறது. இந்தியச் சட்டப் புத்தகத்தையும் இந்திய கிராமத்தையும் ஒன்றாகப் பார்த்த எவருக்கும் இது புரியும்.

இந்த ஆட்டம் வளர்ந்த இடம் இங்கிலாந்து. சவுத்தாம்ப்டன் நகரில் இருக்கும் பழைய பவுலிங் புல்தரை 1299ஆம் ஆண்டிலிருந்து இருப்பதாகச் சொல்கிறார்கள். 1541இல் எட்டாம் ஹென்றி அரசன் ஒரு சட்டம் போட்டான். கைவினைஞர், கூலிக்காரர், உழவர், தொழில் பழகும் பையன்கள், வேலைக்காரர் ஆகியோர் குண்டு உருட்டக் கூடாது. கிறிஸ்துமஸ் நாட்களில் மட்டும் ஆடலாம், அதுவும் எசமான் வீட்டில் அல்லது எசமான் முன்னிலையில். ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் வரும் நிலம் வைத்திருப்பவன் உரிமம் வாங்கித் தன் சொந்தப் புல்தரையில் ஆடிக்கொள்ளலாம். ஆட்களை வில்வித்தை பழகச் செய்து சண்டைக்குத் தயார்படுத்துவதுதான் நோக்கம் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் வில்வித்தை நிலக்காரனுக்கும்தானே வேண்டும்? அவனுக்கு மட்டும் விலக்கு எப்படி வந்தது?

இந்தத் தடை 1845இல்தான் நீங்கியது. முந்நூறு வருஷத்துக்கு மேல் ஒரு நாட்டின் உழைப்பாளிகள் ஒரு குண்டை உருட்டுவது சட்டப்படி குற்றமாக இருந்தது. இதைப் படிக்கும்போது எனக்கு இங்கிலாந்து தூரத்து நாடாகத் தெரியவில்லை. "பொங்கலுக்கு மட்டும் வா, ஆண்டை வாசலில் நின்று வாங்கிக்கோ" என்று நம்மிடம் சொன்னவர்களின் குரல் அந்தச் சட்டத்திலும் கேட்கிறது. ஒரு முக்கியமான வித்தியாசத்தையும் மறைக்கக் கூடாது. இங்கிலாந்தின் கூலிக்காரனுக்கு அது எழுதப்பட்ட சட்டம், 1845இல் அழிக்க முடிந்தது. நமக்கு விதிக்கப்பட்டது பிறப்போடு ஒட்டவைக்கப்பட்டது, யாரும் நாடாளுமன்றத்தில் எழுதாதது. அதனால்தான் 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அறிவித்த பிறகும் அது சாகவில்லை.

தடை நீங்குகிற காலத்தில்தான் ஆட்டத்தின் இன்றைய உருவம் வந்தது. 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு அரிவாளாலும் ஆட்டு மந்தையாலும் சமப்படுத்திய தரை இப்போது கம்பளம்போல ஆனது. 1848-49இல் ஸ்காட்லாந்தில் டபிள்யூ.டபிள்யூ. மிட்செல் விதிகளை எழுதினார். பேரரசு போன இடமெல்லாம் ஆட்டமும் போனது. 1930இல் கனடாவின் ஹாமில்டனில் முதல் பேரரசு விளையாட்டுப் போட்டி நடந்தபோதே லான் பவுல்ஸ் இருந்தது. பெண்களை இதில் சேர்க்க 1982வரை, பிரிஸ்பேன் போட்டிவரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் இந்த ஆட்டம் கல்கத்தாவில் வேர்விட்டது. 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் போன்ற இடங்களில் அதற்கான புல்தரைகள் உண்டு. இங்கே 'கிளப்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கிளப் என்பது ஆடுகிற இடம் மட்டும் அல்ல. யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்கிற ஏற்பாடு. சென்னையில் 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்குப் பிறகும் இந்தியருக்கு உறுப்பினர் இடம் கிடைக்கவில்லை. 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் ஆடப்போன இந்தியர் வெள்ளையரோடு உட்கார்ந்து சாப்பிட முடியாது, மரத்தடிதான். அந்த அவமானத்திலிருந்து பிறந்ததுதான் 1888இல் புச்சி பாபு நாயுடு தொடங்கிய மெட்ராஸ் யுனைடெட் கிளப். மரத்தடியில் உட்காரவைத்தது மேல்சாதி இந்தியனுக்குச் சுட்டது. சுட வேண்டியதுதான். ஆனால் வெள்ளைக்காரன் தன்னிடம் செய்ததைத் தன் ஊர்ச் சேரிக்காரனிடம் தான் காலங்காலமாகச் செய்கிறோமே என்ற எண்ணம் வந்ததா என்பதுதான் நம் கேள்வி.

இதற்குப் பதில் பூனாவில் இருக்கிறது. பல்வாங்கர் பாலு என்கிற சமார் சாதி இளைஞன் 1890களில் அங்கே பார்சி கிளப் மைதானத்தில் மாதம் 3 ரூபாய்க்கு வேலை பார்த்தான். பிறகு வெள்ளையரின் பூனா கிளப்பில் 4 ரூபாய். வேலை என்ன? தரையை உருளை போட்டுச் சமப்படுத்துவது, கோடு போடுவது, வலை கட்டுவது. வெள்ளை அதிகாரிகள் மட்டை பிடித்துப் பழக வேண்டும் என்றால் அவர்களுக்குப் பந்து வீசுவது. ஜே.ஜி. கிரேக் என்கிற பேர்பெற்ற ஆட்டக்காரனுக்கு மணிக்கணக்காகப் பந்து வீசி வீசியே பாலு இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளனாக ஆனான். மட்டையைத் தொட அவனை விட்டதில்லை. பந்து வீசுவது உழைப்பு, மட்டை பிடிப்பது எசமானத்தனம் என்பதுதான் அங்கே கணக்கு.

பூனாவின் இந்து அணி வெள்ளையரை ஜெயிக்க ஆசைப்பட்டது. பாலு இல்லாமல் ஜெயிக்க முடியாது. ஆகவே மைதானத்தில் அவன் தொட்ட பந்தைத் தொட்டார்கள். ஆட்டத்தின் நடுவே தேநீர் வந்தபோது அவனுக்கு மட்டும் வெளியே, உடைத்தெறிகிற மண்குவளையில். 1906இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை ஜெயித்தபோது விக்கெட்டுகளைச் சாய்த்தது அந்த மண்குவளைக்காரன்தான். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தான். ஆனாலும் கேப்டன் பதவி அவனுக்குக் கடைசிவரை இல்லை. அவன் தம்பி விட்டல் 1923இல் இந்து அணிக்குக் கேப்டன் ஆனதுவரை அண்ணன் தம்பிகள் நடத்திய போராட்டம் தனிக் கதை. அதே பாலுவை 1937 தேர்தலில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பாபாசாகேப் ஜெயித்தார்.

பாலுவின் வரலாற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது 114 விக்கெட் அல்ல, அந்த 3 ரூபாய். இந்த நாட்டின் ஒவ்வொரு மைதானத்திலும் புல் வெட்டியவன், உருளை இழுத்தவன், தண்ணீர் பாய்ச்சியவன், கக்கூஸ் கழுவியவன் இருந்திருக்கிறான். கிளப் சுவர்ப் பலகையில் தங்க எழுத்தில் தலைவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். தரை போட்டவனின் பெயர் ஒரு பலகையிலும் இல்லை. பாலு பந்து வீசியதால் பெயர் தப்பியது. வீசாதவர்களின் பெயர் மண்ணோடு போயிற்று.

இப்போது எங்கள் கடற்கரைக்கு வருகிறேன். இங்கேயும் தரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பளம் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாத்தியின் அடித்தரை எவ்வளவு சமமாக இருக்க வேண்டும் என்று. ஒரு பக்கம் தாழ்ந்தால் நீர் அங்கே தேங்கும், உப்பு சீராகப் பூக்காது. மழை ஓய்ந்ததும் சேற்றை வழித்து, களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். இதற்கு உருளையும் இயந்திரமும் இல்லை, வெறுங்கால்தான். உப்பு நீரில் ஊறிய பாதம் வெடித்து அந்த வெடிப்புக்குள் மறுபடி உப்பு இறங்கும். பெண்கள் பாதி, ஆண்கள் பாதி என்று சொல்ல மாட்டேன், சுமக்கிற வேலையில் பெண்கள்தான் அதிகம். வாரி, சுமந்து, அம்பாரம் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற நேரத்தில் உடம்பில் விளையாட என்ன மிச்சம் இருக்கும்?

அளத்தின் சொந்தக்காரர் யார் என்பதற்கும் வரலாறு உண்டு. 1805இல் கம்பெனி அரசு சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. விளைந்த உப்பெல்லாம் சர்க்காருக்கு. இங்கே விளைந்ததைச் சென்னைப் பக்கம் கொண்டுபோகப் பக்கிங்காம் கால்வாய் இருந்தது. அந்தக் கால்வாயின் தெற்கு முனை எங்கள் மரக்காணம்தான். 1877-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்த சனங்களுக்கு நிவாரண வேலை என்று சொல்லி, சென்னை நகரத்துக்குள் அதன் ஒரு பகுதியை வெட்டவைத்தார்கள். பஞ்சத்தில் செத்தவன் போக மிஞ்சியவன் வெட்டிய வாய்க்காலில் எங்க உப்பு போயிற்று. பிறகு வெள்ளையன் போனான். இன்றும் அளம் மிதிக்கிறவனுக்கு அளம் சொந்தமில்லை.

வயல்காடும் அப்படியே. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்து, 1892இல் வந்த ஆணையின்படி மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது எங்கே போனது என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பயிர் வைக்கவே நிலம் தராத ஊர் விளையாட நிலம் தருமா?

விளையாடத் தரை இல்லாத பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்? எங்க சேரியில் நாங்கள் தெருவில் கோலி ஆடினோம். வண்டி வந்தால் ஒதுங்கினோம். மழைக்காலத்தில் அளம் மூழ்கிவிடும், கோடையில் அளத்தில் வேலை நடக்கும், ஆகவே அந்தச் சமதரை எந்தக் காலத்திலும் நமக்கு ஆடுகளம் ஆகாது. ஊருக்குள் திடல் இருந்தது. கோயிலுக்குப் பக்கத்தில், ஆலமரத்தோடு, பெரிய திடல். "சேரிப் பசங்களுக்கு இங்க இன்னாடா வேல?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த தடவை யாரும் போக மாட்டோம். இது எங்கள் ஊரின் தனி அநியாயம் இல்லை. வட தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களில் கிரிக்கெட் ஆட்டத்தில் தொடங்கிய வாய்ச்சண்டை சேரிக்குள் கல்லாக வந்து விழுந்திருக்கிறது. பந்து ஊர்ப்பக்கம் போனால் எடுக்கப் போகிற பையன் அடிவாங்கி வருவான். 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் வன்னியர் சங்க மாநாடு நடந்த நாளில், மரக்காணத்தில் வெடித்த கலவரத்தில் தலித் வீடுகள் கொளுத்தப்பட்டன. இரண்டு தரப்பிலும் தாய்மார்கள் அழுதார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுற்றுலாக் கார்கள் மறுநாள் முதல் பழையபடி போய்வந்தன.

அதே சாலையில் தெற்கே 35 கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. அங்கே குண்டாட்டத்தின் இன்னொரு கிளை இருக்கிறது. அதன் கதை வேறு மாதிரியானது, நமக்கு நெருக்கமானது.

முதலில் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1815இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பிரெஞ்சுப் பகுதியில் விளையும் உப்பை வாங்கும் தனி உரிமை ஆங்கிலேயக் கம்பெனிக்கு. அதற்கு ஈடாக வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்கு. ராஜாக்கள் இரண்டு பேரும் கணக்கை முடித்துக்கொண்டார்கள். உப்பு வாரியவன் அந்தக் கணக்கில் வரவே இல்லை. புதுச்சேரியில் உப்பளம் என்ற பெயரில் ஒரு பகுதி இன்றும் உண்டு. உப்பு போய்விட்டது, பெயர் நிற்கிறது. இந்திரா காந்தி விளையாட்டரங்கம் அந்த உப்பளத்தில்தான் இருக்கிறது. உப்பளம் விளையாட்டுத் தரையாக ஆக முடியும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சாட்சி அது.

புதுச்சேரியின் குண்டாட்டத்துக்குப் பெயர் பெத்தாங். இது தெற்கு பிரான்சில், லா சியோத்தா என்கிற கப்பல் கட்டும் துறைமுக ஊரில், 1910 வாக்கில் உருவானது. அதற்கு முன்பு அங்கே ஆடிய ஆட்டத்தில் சில அடி ஓடிவந்து குண்டை வீச வேண்டும். லெனுவார் என்று அழைக்கப்பட்ட பழைய ஆட்டக்காரர் ஒருவருக்கு மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போயிற்று. அவருக்காக விதியை மாற்றினார்கள். ஓட வேண்டாம், தரையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்றே வீசலாம். கால் ஊன்றி நிற்பது என்பதுதான் பெத்தாங் என்ற பெயரின் பொருள். முடியாதவன் ஒருவனுக்காக எல்லோரும் விதியை மாற்றிக்கொண்டார்கள். ஆட்டத்தைக் காப்பாற்ற ஆளைத் துரத்துவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். ஆளைக் காப்பாற்ற ஆட்டத்தையே மாற்றியது இங்கே நடந்திருக்கிறது.

இதற்குப் புல்தரை வேண்டாம். மண், சரளை, புளியமரத்தடி, எதுவானாலும் சரி. 650 முதல் 800 கிராம் வரை எடையுள்ள உலோகக் குண்டு. 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டை நெருங்க வேண்டும். 13 புள்ளி எடுத்தவன் ஜெயித்தான். அந்தச் சின்னக் குண்டுக்குப் பிரெஞ்சுக்காரன் வைத்திருக்கும் பெயர் கொஷொனே, அதாவது பன்றிக்குட்டி. பன்றியைச் சொல்லி நம்மை ஏசியவர்கள் வாழும் மண்ணில், பெரிய மனிதர்கள் குனிந்து நின்று பன்றிக்குட்டிக்கு யார் பக்கம் என்று அளந்து பார்க்கிறார்கள்.

இந்த ஆட்டம் புதுச்சேரிக்குப் பிரெஞ்சு அதிகாரியோடு மட்டும் வரவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து கடல் கடந்து போய்த் திரும்பிய தமிழர்களின் கூடவும் வந்தது. அவர்கள் யார் என்பதற்குப் பின்னால் ஒரு நூறு வருஷக் கதை இருக்கிறது. 1873இல் பொன்னுத்தம்பி என்கிற வெள்ளாளக் கிறித்தவ வழக்கறிஞர் ஐரோப்பிய முறையில் செருப்பணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தடுக்கப்பட்டார். பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தார். 1881இல் ஓர் ஆணை வந்தது. சாதி, சமயம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்துவிட்டு, பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வருவதாக எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமகன். அப்படித் துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி லாபோர்த் ஆனார்.

வெள்ளாளர் செருப்புக்காகத் தொடங்கிய வழக்கில் நம்மாட்கள் வேறொன்றைக் கண்டார்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் சாதிப் பெயர் போய்விடும் என்றால், யாருக்கு அது அதிகம் தேவை? கிறித்தவரான தலித்துகளும் மற்ற ஒடுக்கப்பட்டவர்களும் துறந்தவர்களில் கணிசமாக இருந்தார்கள். மதம் மாறியும் சாதி விடாத கோயில் அவர்கள் பார்த்தது. 1745இலேயே புதுச்சேரி மாதா கோயிலுக்குள் பறையரைப் பிரித்துவைத்த சுவரை எதிர்த்து அவர்கள் பாதிரியாரிடம் போய் நின்றதையும், சுவர் இடிக்கப்பட்டதையும், சாதிக் கிறித்தவர்கள் கொதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சனங்களின் பேரப்பிள்ளைகளுக்கு 1881 ஆணை ஒரு கதவைத் திறந்தது. கதவுக்கு அப்பால் பட்டாளம் இருந்தது.

முதல் உலகப் போருக்குப் போனார்கள். செத்தவர்களுக்காக எழுப்பிய நினைவுச் சின்னம் 1938இல் திறக்கப்பட்டுக் கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கிறது. பிறகு சைகோன், இந்தோசீனா, அல்ஜீரியா. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் 6 மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் எழுதிக்கொடுத்தார்கள், அவர்களில் பட்டாளக் குடும்பங்கள் நிறைய. ஓய்வூதியம் பிராங்கில் வந்தது, 2002க்குப் பிறகு யூரோவில் வருகிறது. ஊரார் இவர்களைச் 'சொல்தா' என்றார்கள், பிரெஞ்சில் சிப்பாய்க்கு உள்ள சொல்.

இந்தச் சொல்தாக்களும் அவர்களின் பிள்ளைகளும் சாயங்கால நேரத்தில் வட்டம் போட்டு, கால் ஊன்றி நின்று, குண்டு வீசினார்கள். பெத்தாங் கழகங்கள் வந்தன, போட்டிகள் நடக்கின்றன. செருப்போடு, சட்டையோடு, நிமிர்ந்து நின்று, யாருடைய முன்னிலையும் அனுமதியும் இல்லாமல், வேலை இல்லாத ஒரு காரியத்துக்காக ஒரு தரையில் நிற்பது. பிறருக்கு இது பொழுதுபோக்கு. எந்தத் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்களோ அந்தப் பாட்டன்களின் பேரனுக்கு இது வேறு விஷயம்.

இதை நான் பொன்னுலகமாகக் காட்டவில்லை. அந்தப் பட்டாளம் வியத்நாமிலும் அல்ஜீரியாவிலும் சுட்டது தம் மண்ணுக்காகப் போராடியவர்களை. நம் சனங்கள் சாதியிலிருந்து தப்பிக்க இன்னொரு சனத்தின் அடிமைத்தனத்தைக் காவல் காத்தார்கள். மகர்களும் பறையர்களும் ஆங்கிலேயப் பட்டாளத்தில் இருந்ததும் இதே கதைதான். ஓய்வூதியம் வாங்கியவனுக்கும் அளம் மிதித்தவனுக்கும் நடுவே புதுப் பணச்சுவர் எழுந்ததும் உண்மை. கப்பலேறியவன் தலைநிமிர்ந்தான், 35 கிலோமீட்டர் வடக்கே, வெள்ளைக்காரன் போட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தவன் அளத்திலேயே இருந்தான். விடுதலை என்பது எந்தக் காலனிக்காரனின் கோட்டுக்குள் பிறந்தோம் என்பதைப் பொறுத்து அமையக் கூடாது.

அதனால்தான் ராஞ்சிக்குத் திரும்பிப் போகிறேன். ரூபா ராணி திர்க்கிக்குப் புல்தரை எங்கிருந்து கிடைத்தது? கல்கத்தா கிளப் கொடுத்ததா? 2010 காமன்வெல்த் போட்டிக்காகத் தில்லியில் நேரு விளையாட்டரங்க வளாகத்தில் லான் பவுல்ஸ் தரை போட்டார்கள். 2011 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக ராஞ்சியை ஒட்டிய நாம்கும்மில் ஓர் அரங்கம் கட்டினார்கள். சர்க்கார் பணம், அதாவது நம் பணம். அந்தத் தரைகள் வந்து பன்னிரண்டு வருஷத்துக்குள் ஒரு பழங்குடிப் பெண்ணும் ஒரு கான்ஸ்டபிளும் ஒரு வனத்துறை ஊழியரும் ஓர் ஆசிரியையும் உலகத்தை ஜெயித்துவிட்டார்கள். கிளப்புகள் நூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தும் அந்தப் புல்லில் முளைக்காத பதக்கம் பொதுத்தரையில் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் முளைத்தது. 'தகுதி, திறமை' என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா? திறமை எப்போதும் இருந்தது. தரைதான் இல்லை.

மரக்காணத்தில் லான் பவுல்ஸ் கிளப் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கம்பளப் புல்லுக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் இருந்தால் எங்க தெருக்குழாய்க்கு விடுங்கள். நான் கேட்பது, ஒவ்வொரு சேரிக்கும் பட்டா எண்ணோடு, எல்லைக்கல்லோடு, பெண்பிள்ளைகளும் பயமில்லாமல் வந்து ஆடுகிற ஒரு திடல். ஊர்த்திடலில் நமக்குள்ள உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு அல்ல, அதையும் கேட்டுக்கொண்டுதான். ஊருக்கு ஒரு மைதானம் கட்டி, அதை ஊர்த்தெருவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, 'கிராம விளையாட்டுத் திட்டம்' என்று பெயர்ப்பலகை மாட்டுவது நடக்கக் கூடாது.

எனவே இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் ஊரில் பள்ளி மைதானமோ கிளப்போ இருந்தால், அந்தத் தரையைப் போட்டவர்கள் யார் என்று உயிரோடு இருக்கிற கிழவன் கிழவிகளிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் போய்விட்டால் பலகையில் இருக்கிற பெயர்கள் மட்டும்தான் மிஞ்சும். இரண்டு, சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். புறம்போக்கு நிலத்தின் சர்வே எண்ணைக் கிராமக் கணக்கில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். "எங்க புள்ளைங்க வெளையாட இந்த நெலம் வேணும்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடாமல் எழுந்து வராதீர்கள்.